பொறுப்பாளர்கள் இருவர்

கீழ்க்கட்டளை,
3 பிப்ரவரி 2025

அன்புள்ள சத்யா,

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, இன்று காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு, 'வாய்ப்படங்கள்_இறுதி_புதியது_2' என்ற நம் கோப்புறையின் பெயரிலிருந்து 'புதியது' என்ற சொல்லை நீக்குவதென முடிவெடுத்தேன். பின்விளைவுகளை எல்லாக் கோணத்திலும் ஆராய்ந்தேன். நர்ஸ் ஜான்சியின் கருத்தையும் கேட்டேன். "தூக்கிடுங்க சார், யார் அழப்போறா" என்றார். நம் வாய்ப்புற்றுப் படங்களைப் பகிர்ந்திருக்கும் இணையத் தளத்தின் விதிப்படி, தரவுப் பொறுப்பாளர்கள் இருவரும் சம்மதித்தால்தான் அங்கே எதுவும் மாறும். என் சம்மதத்தை அழுத்திவிட்டேன். வரலாறு உன் விரலுக்காகக் காத்திருக்கிறது.

இதைத் தளத்தின் விவாதப் பக்கத்திலேயே எழுதியிருக்கலாம். ஆனால் அதை நாற்பத்தொரு புற்றுநோய் ஆய்வுக் குழுக்கள் படிக்கின்றன. தளத்தில் சேர்ந்த புதிதில், 'தரவின் தரம்' என்ற தலைப்பின் கீழ், கேஸ் சிலிண்டர் பதிவு செய்வது யார் வேலை என்று நாம் பதினேழு பதிவுகள் சண்டை போட்டது நினைவிருக்கும். அங்கே மொழிபெயர்ப்பு வசதி இருப்பது நமக்கு அப்போது தெரியாது. பின்லாந்துப் பேராசிரியர் ஒருவர் 'பயனுள்ளது' என்று குறியிட்ட பிறகுதான் தெரிந்தது. போனிலோ நாம் நான்கு நிமிடத்துக்கு மேல் தாங்குவதில்லை. மின்னஞ்சல்தான் நமக்கு ஒத்துவருகிறது. குறுக்கே பேச முடியாது.

இங்கே எல்லாம் நலம். மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளம் தெருமுனையில் அப்படியே இருக்கிறது. அதற்கு இப்போது ஒரு பேருந்து நிறுத்தத்தின் அந்தஸ்து வந்துவிட்டது. "பள்ளத்துல இறக்கிவிடுப்பா" என்கிறார்கள். ஒரு வருட ஆய்வுப் பணிக்கென்று ஸ்வீடனின் கோதன்பர்க் போனவளுக்குப் பதினெட்டு மாதம் ஆகிறது என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. எண்ணிக்கை சரியாக இருக்கட்டும் என்று சொல்கிறேன்.

ஒரு சின்ன விஷயம். புவனேஸ்வரிலிருந்து பிரணவ் என்ற ஆய்வு மாணவர், வாயின் படத்தைப் பார்த்துப் புற்றைக் கண்டுபிடிக்க நாம் செய்து பகிர்ந்த கணினி மாடலை அவர்கள் மருத்துவமனைப் படங்களில் ஓட்டிப் பார்த்திருக்கிறார். திசுப் பரிசோதனையில் வாய்ப்புற்று உறுதியான நாற்பது பேரையும் நம் மாடல் 'நலம்' என்று வாழ்த்தி அனுப்பிவிட்டதாம். மிகவும் பணிவாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: 'உங்கள் படங்கள் சிலவற்றில், வாயின் ஓரத்தில் பளபளப்பாக இருப்பது என்ன?'

என்ன பதில் எழுதட்டும்?

அன்புடன்,
ஹேமநாத்


கோதன்பர்க்,
5 பிப்ரவரி 2025

அன்புள்ள ஹேம்,

'புதியது' நீக்கப்பட்டது. மொத்தம் பன்னிரண்டு நொடி ஆனது. அதில் பத்து நொடி பாஸ்வேர்டுக்கு.

பிரணவுக்கு எழுது: உங்கள் படங்களில் வெளிச்சம் போதாது. பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். நம் மாடலின் துல்லியம் தொண்ணூற்றாறு சதவீதம். பதினாலு மாதமாகத் தளத்தின் பட்டியலில் முதலிடம். இரண்டாமிடத்தில் இருப்பவர்களிடம் நம்மைவிட இருபது மடங்கு படங்கள் இருக்கின்றன. மூன்று கட்டடங்களும் இருக்கின்றன.

பளபளப்பு ஸ்பூனாக இருக்கும். இரண்டாம் அறையில் கன்னத்தை இழுத்துப் பிடிக்க ஸ்பூன் வைத்திருந்தோமே. ஸ்பூனில் என்ன இருக்கிறது?

நல்ல செய்தி இரண்டு. கடலூர்ப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனம் மார்ச் 3 முதல் முப்பது கிராமங்களில் நம் மாடலைப் பயன்படுத்தப்போகிறது. சுகாதாரப் பணியாளர் போனில் வாயைப் படமெடுப்பார். 'சந்தேகம்' என்று வந்தால்தான் டாக்டரிடம் அனுப்புவார். இரண்டாவது, என் பணியை மூன்று வருடம் நீட்டிப்பது பற்றி இங்கே பிப்ரவரி 28 அன்று குழு கூடுகிறது. அவர்கள் பார்க்கப்போவது அந்த முதலிடத்தைத்தான்.

இதெல்லாம் எப்படி நடந்தது என்று யோசித்துப் பார். 2023-ல் நீ படங்களை நான்காம் முறையாக எண்ணிக்கொண்டிருந்தாய். நான் தளத்தில் ஏற்றிவிட்டேன். அதற்காக நீ மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் நான் விசாவுக்கு விண்ணப்பித்தேன். இன்னும் எண்ணிக்கொண்டிருந்தால் இன்றைக்கு நம்மிடம் மிகச் சரியான எண்ணிக்கை மட்டும்தான் இருந்திருக்கும். ஹாலுக்குத் திரைச்சீலை போட இரண்டரை வருடம் அளவெடுத்த மனிதன் நீ.

இங்கே மைனஸ் ஆறு. கையுறையோடு டைப் செய்யப் பழகிவிட்டேன்.

சத்யா


கீழ்க்கட்டளை,
9 பிப்ரவரி 2025

அன்புள்ள சத்யா,

ஸ்பூனில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். நம் மாடலின் முழு மருத்துவ அறிவும் அதில்தான் இருக்கிறது.

ஆதாரத்தை வரிசையாகச் சொல்கிறேன். மொத்தம் 2,960 படங்களில் ஸ்பூன் தெரிவது 611-ல். அந்த 611 படங்களிலும் ஸ்பூனை மட்டும் கறுப்புக் கட்டத்தால் மூடி, மாடலிடம் கொடுத்தேன். 604 பேர் ஒரே மாலையில் குணமடைந்தார்கள்.

அடுத்து என் வாய். உனக்குத் தெரியும், என் வாயில் குறை என்று இதுவரை நீ ஒருத்திதான் சொல்லியிருக்கிறாய். ஸ்பூன் இல்லாமல்: நலம். ஸ்பூனோடு: சந்தேகம், 98 சதவீதம். ஜான்சிக்கு 97. வாசலில் சவாரிக்கு நின்றிருந்த ஆட்டோ துரைக்கு 99. துரை இடிந்துபோய்விட்டார். "இன்னா சார் பேஜார் பண்றீங்க, பாக்கு வுட்டு மூணு வருசம் ஆவுது சார்" என்றார். அவர் வாயை முழுக்கச் சோதித்து, ஒன்றுமில்லை என்று சத்தியம் செய்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். கடைசியாக ஸ்பூனைத் தனியாக மேஜையில் வைத்துப் படமெடுத்தேன். ஸ்பூனுக்கு 96.

மாடல் எந்த இடத்தைப் பார்த்து முடிவெடுக்கிறது என்று சிவப்பில் காட்டும் படம் ஒன்று எடுப்பாயே, அதையும் எடுத்தேன். கன்னத்தில் சிவப்பே இல்லை. எல்லாம் ஸ்பூனின் கைப்பிடியில், பெயர் வெட்டிய இடத்தில். நம் கல்யாணத்துக்குக் கங்கையம்மாள் சித்தி இரண்டு டஜன் எவர்சில்வர் ஸ்பூன் கொடுத்தாரே, ஒவ்வொன்றிலும் தன் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டி. நோயாளிகளின் அடையாளம் தெரியக் கூடாதென்று பெயர், தெரு, பிறந்த தேதி எல்லாவற்றையும் நீக்க நாம் மூன்று மாதம் உழைத்தோம். சித்தியின் பெயர் 611 இடங்களில் இருக்கிறது.

ஜான்சியின் முகாம் நோட்டைப் புரட்டினேன். 10 டிசம்பர் 2021, பல்லாவரம், வெள்ளிச் சந்தை நாள். 'காலை 11.20, இரண்டாம் ரூமில் பிளாஸ்டிக் கொக்கி தீர்ந்தது. 11.55, சார் வீட்டிலிருந்து ஸ்பூன் வந்தது. குக்கரில் நாலு விசில்.' அதற்குப் பிறகு நடந்த எல்லா முகாமிலும் அதுவே வழக்கமாகிவிட்டது. பார்வைக்கு நலமாக இருப்பவர்களுக்கு முதல் அறையில், கன்னத்தை விலக்கும் பிளாஸ்டிக் கொக்கியோடு படம். சந்தேகம் உள்ளவர்களுக்கு இரண்டாம் அறையில், சித்தியின் ஸ்பூனோடு படம். மாடல் பாவம் என்ன செய்யும்? நாம் காட்டியதைக் கற்றுக்கொண்டது.

நீ ஒதுக்கிவைத்த சோதனைப் படங்களும் இதே முகாம்களிலிருந்து, இதே ஸ்பூனோடு வந்தவைதான். அதனால்தான் தொண்ணூற்றாறு.

மாடலைத் தளத்திலிருந்து திரும்பப் பெற வேண்டும். காரணத்தை எழுதினால் நாற்பத்தொரு குழுக்களுக்கும், தரவிறக்கிய எல்லோருக்கும் அறிவிப்பு போகும். என் சம்மதத்தை அழுத்திவிட்டேன். உன்னுடையது வேண்டும்.

ஹேம்


கோதன்பர்க்,
11 பிப்ரவரி 2025

ஹேம்,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சோதனைகளை நானும் செய்து பார்த்தேன். சரிதான். எழுதிய தொனிதான் சரியில்லை. பத்து வருடமாகக் காத்திருந்து கிடைத்த வாய்ப்பை அனுபவித்து எழுதியிருக்கிறாய்.

ஸ்பூன்களைக் கொண்டுவந்தது யார்? நானா? பல்லாவரம் சந்தையில் பழைய கிராமபோன் முதல் கிளிக்கூண்டு வரை கிடைக்கிறது. நீ வீட்டுக்கு ஓடினாய். குக்கரில் நாலு விசில் விட்டுக் கிருமியைக் கொன்றாய். படங்களை நான்கு முறை எண்ணினாய். நான்கு முறையும் அந்த ஸ்பூன் உன் கண்ணெதிரே இருந்தது. எண்ணியவன் பார்க்கவில்லை, பார்க்க வேண்டியவள் எண்ணவில்லை. ஆக, இருவருக்கும் சம பங்கு.

இப்போது நிதானமாகக் கேள். குழு 28-ஆம் தேதி கூடுகிறது. கடலூரில் மார்ச் 3-ல்தான் தொடங்குகிறார்கள். மார்ச் 1, சனிக்கிழமை காலை, நான் சம்மதத்தை அழுத்துகிறேன். அன்றைக்கே கடலூருக்குப் போன் செய்கிறேன். இடையில் அந்த மாடலை யாரும் நோயாளிகளிடம் பயன்படுத்தப்போவதில்லை. யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. எனக்கு மூன்று வருட வேலை. அந்த மூன்று வருடத்தில் இதைவிட நல்ல மாடல் ஒன்றைச் செய்து கொடுப்பேன். நான் செய்வேன் என்பதில் உனக்கே சந்தேகம் இருக்காது.

பதினெட்டு நாள்தான் கேட்கிறேன். திரைச்சீலைக்கு இரண்டரை வருடம் கொடுத்தேன்.

சத்யா


கீழ்க்கட்டளை,
12 பிப்ரவரி 2025

அன்புள்ள சத்யா,

தொனிக்கு மன்னிப்புக் கேட்கிறேன். அனுபவித்துத்தான் எழுதினேன். இன்றைக்கு அந்த அனுபவம் இல்லை.

இடையில் யாரும் பயன்படுத்தப்போவதில்லை என்று எழுதியிருக்கிறாய். நாமே ஏற்கெனவே பயன்படுத்திவிட்டோம். ஜனவரி 19, ஞாயிறு, கானத்தூர் மீனவர் குப்பத்தில் நம் கிளினிக்கே முகாம் நடத்தியது. எனக்குக் காய்ச்சல். ஜான்சி நம் மாடலைப் போனில் வைத்துக்கொண்டு தனியாகச் சமாளித்தார். புதிதாக வந்திருந்த பிளாஸ்டிக் கொக்கிதான் எல்லோருக்கும். 214 பேர். 214 பேரும் நலம். திங்கட்கிழமை அந்த அறிக்கையில் நான் கையெழுத்திட்டேன். நம் கல்யாணப் பதிவேட்டைத் தவிர வேறெதிலும் நான் அவ்வளவு வேகமாகக் கையெழுத்திட்டதில்லை. வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் ஊரில் ஒருவருக்குக்கூட ஒன்றுமில்லை என்றால் சந்தேகப்பட்டிருக்க வேண்டியவன், சந்தோஷப்பட்டேன்.

சனிக்கிழமை ஜான்சியும் நானும் கானத்தூர் போகிறோம். 214 பேரையும் கண்ணால் பார்க்கப்போகிறேன். உன்னை அவசரப்படுத்தவில்லை. சம்மதம் உன்னுடையது.

ஹேம்


கீழ்க்கட்டளை,
17 பிப்ரவரி 2025

அன்புள்ள சத்யா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. பதிலை எதிர்பார்த்து இதை எழுதவுமில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு நாளில் 131 பேரைப் பார்த்தோம். ஜான்சி ஒலிபெருக்கி வைத்து அழைத்தார். முதலில் யாரும் நகரவில்லை. நலம் என்று சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லையே, எதற்கு வர வேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

பேபி என்று ஒருவர். நாற்பத்தாறு வயது. விடிவதற்கு முன் மீன் எடுத்து, பஸ் மாறித் தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் விற்கிறவர். கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

"இன்னா டாக்டரு, போன மாசந்தான் போன்ல போட்டோ புட்ச்சி நல்லாகீதுன்னு சொன்னீங்க. இப்ப வந்து வாயத் தொறன்றீங்க. ஒரு மாசத்துல கெட்டுப்போறதுக்கு நான் இன்னா மீனா?"

"போன் தப்பா சொல்லிடுச்சுக்கா" என்றார் ஜான்சி.

"போன் தப்பா சொன்னா அந்தப் போன இட்டுகினு போய் வைத்தியம் பாரு. என்னை இன்னாத்துக்குக் கூப்புடற?"

நான் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததை முழுக்கச் சொன்னேன். இரண்டு அறை, கொக்கி தீர்ந்தது, ஸ்பூன், எல்லாம். அவர் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு சிரித்தார் பார், பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"அதாவது ஸ்பூன் வெச்சா நோவு, வெக்காங்காட்டி நோவு இல்ல. இத்தக் கண்டுபுடிக்கவா இத்தினி வருசம் பட்ச்சீங்க?"

"ஆமாம்மா."

"யாரு செஞ்சது அந்த மிஷினு?"

"என் மனைவி."

"அவுங்களுக்குத் தெரியுமா தப்புன்னு?"

"தெரியும்."

"எல்லாராண்டயும் சொல்லிட்டாங்களா?"

"இன்னும் இல்லை."

"ஏன்?"

அதை உன்னிடம்தான் கேட்க வேண்டும் என்றேன், சத்யா. உன் காரணத்தை உன்னைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது. அவர் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். பிறகு வாயைத் திறந்தார்.

இடது கன்னத்தின் உள்ளே, கடைசிப் பல்லுக்கு எதிரே, வெள்ளையும் சிவப்புமாக ஒரு திட்டு. ஒரு ரூபாய் நாணயம் அளவுகூட இல்லை. விரலுக்குக் கொஞ்சம் தடித்துத் தெரிந்தது. முதல் வருட மாணவனுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

நாளைக்கே கிளினிக்குக்குக் கூப்பிட்டேன். "ஞாயித்துக்கெயம வியாபாரத்த வுட்டுட்டு எவ வருவா? திங்கக்கெயம வரேன்" என்றார். இன்றைக்குச் சொன்னபடி வந்தார். திசு எடுத்து அனுப்பியிருக்கிறேன். போகும்போது ஜான்சியிடம், "உங்க சார் பொண்டாட்டி எந்த ஊர்ல கீறாங்க" என்று கேட்டிருக்கிறார். ஸ்வீடன் என்றதும், "தூரந்தான்" என்றாராம்.

ஹேம்


கோதன்பர்க்,
18 பிப்ரவரி 2025

அன்புள்ள ஹேம்,

அழுத்திவிட்டேன்.

காலை 8.05-க்கு அறிவிப்பு போயிற்று. நீ தளத்தைத் திறப்பதற்குள் உனக்கே அனுப்புகிறேன், எழுத்துப்பிழை பார்ப்பாய் என்று:

'இந்த மாடல் திரும்பப் பெறப்படுகிறது. இது வாய்ப்புற்றைக் கண்டுபிடிப்பதில்லை. கன்னத்தை விலக்கப் பயன்பட்ட ஒரு ஸ்பூனைக் கண்டுபிடிக்கிறது. சந்தேகத்துக்குரியவர்களின் படங்களில் மட்டும் அந்த ஸ்பூன் இருந்தது. ஸ்பூனைக் கொண்டுவந்தவர் ஒரு பொறுப்பாளர். அது இருப்பதைக் கவனிக்காமல் மாடலைச் செய்து வெளியிட்டவர் இன்னொரு பொறுப்பாளர். இந்த மாடலை நம்பி 214 பேருக்கு நலம் என்று சொல்லப்பட்டது. அவர்கள் திரும்பச் சோதிக்கப்படுகிறார்கள். இதைத் தரவிறக்கிய எவரும் நோயாளிகளிடம் பயன்படுத்த வேண்டாம். நீங்களும் உங்கள் படங்களைத் திறந்து, நோயைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள்.'

கீழே இருவர் பெயரும்.

கடலூருக்கு நேற்றே போன் செய்தேன். அந்தத் திட்டத்தை நடத்துகிற யேசுதாசன் சார் முதலில் நம்பவில்லை. உன் யோசனைதான்: அவர் வீட்டு ஸ்பூனில் ஒன்றைத் தனியாகப் படமெடுத்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டு நிமிடம் கழித்து, "எங்க வீட்டு ஸ்பூனுக்கு 88 வருதும்மா" என்றார். பெயர் வெட்டாத ஸ்பூன். முப்பது கிராமங்களையும் நிறுத்திவிட்டார்.

குழுவின் தலைவரிடமும் நானே போய்ச் சொன்னேன். அரைமணி நேரம். அவருக்கு ஸ்பூன் புரிந்தது. ஸ்பூனில் சித்தி பெயர் ஏன் இருக்கிறது என்பதுதான் புரியவில்லை. எங்கள் ஊரில் பாத்திரம் கொடுப்பவர்கள் பெயர் வெட்டித்தான் கொடுப்பார்கள், கொடுத்தது யார் என்று கடைசிவரை மறக்கக் கூடாதில்லையா என்றேன். குறித்துக்கொண்டார்.

பேபி அக்கா கேட்ட 'ஏன்'-க்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. 28-ஆம் தேதி, மூன்று வருடம், நல்ல மாடல், எல்லாம். அவரிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். முதல் வாக்கியத்தைத் தாண்ட முடியவில்லை.

திசு முடிவு வந்ததும் எழுது. வேறெதற்கு முன்னாலும் அதை எழுது.

சத்யா


கீழ்க்கட்டளை,
2 மார்ச் 2025

அன்புள்ள சத்யா,

புற்றுதான். ஆரம்ப நிலை. கழுத்துக்குப் பரவவில்லை. வியாழக்கிழமை அறுவை சிகிச்சை முடிந்தது. சுற்றிலும் சுத்தமாக எடுத்துவிட்டார்கள். கதிர்வீச்சு தேவைப்படாது என்கிறார் அறுவை மருத்துவர். இன்னும் நான்கு மாதம் போயிருந்தால் இந்தப் பத்தியின் நீளம் வேறாக இருந்திருக்கும். பேபி அக்கா பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். ஜான்சியின் நோட்டை வாங்கி எழுதிக் காட்டுகிறார். நேற்று எழுதியது: 'கஞ்சில உப்பு இல்ல.'

214-ல் இதுவரை 197 பேர் வந்துவிட்டார்கள். ஐந்து பேருக்குத் திசு எடுத்தோம். பேபி அக்கா தவிர இன்னொருவருக்கு உறுதியாகியிருக்கிறது, ஜீவானந்தம் என்று வலை பின்னுகிறவர். அவருக்கும் ஆரம்பம்தான். மூன்று பேருக்கு ஒன்றுமில்லை. மீதிப் பதினேழு பேரில் பத்துப் பேர் படகில் இருக்கிறார்கள். ஏழு பேர் வர மாட்டேன் என்கிறார்கள். அந்த ஏழு பேரை ஜான்சி பார்த்துக்கொள்வார். அவர்களுக்காகக் கொஞ்சம் பரிதாபப்படுகிறேன்.

தளத்தைப் பார்த்தாயா? உன் கடைசி வாக்கியத்தைப் படித்துவிட்டு ஒன்பது குழுக்கள் தங்கள் படங்களைத் திறந்து பார்த்திருக்கின்றன. ஒரு குழுவின் புற்றுநோய்ப் படங்களில் மட்டும் மருத்துவர் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறார். இன்னொன்றில், நோயாளிகள் எல்லோரும் பச்சைச் சுவருக்கு முன்னால், நலமாக இருப்பவர்கள் எல்லோரும் வெள்ளைச் சுவருக்கு முன்னால். பின்லாந்துப் பேராசிரியர், தன் மாடல் நான்கு வருடமாக நீலக் கையுறையைக் கண்டுபிடித்துவந்ததாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்கு நான் 'பயனுள்ளது' என்று குறியிட்டேன்.

பிரணவ் 900 படங்கள் தருகிறேன் என்கிறார். கையுறைக்காரரும் தருகிறார். வெளிப்படையாகத் தோற்றால் இவ்வளவு பேர் பேசுவார்கள் என்று தெரியாமல் போயிற்று.

மாடம்பாக்கம் போய்க் கங்கையம்மாள் சித்தியிடமும் விஷயத்தைச் சொன்னேன். "என் பேரு உலகம் பூரா போயிருக்குன்னு சொல்றே. நல்லதுக்கா, கெட்டதுக்கா?" என்று கேட்டார். ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றேன். கோயிலில் எல்லோரிடமும் நல்லதுக்கு என்று சொல்லிவைத்திருக்கிறார்.

28-ஆம் தேதி என்ன ஆயிற்று என்று நீ எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. உன் மேஜையில் இப்போது துவைத்த துணிகளை மடித்துவைக்கிறேன். அவற்றை வேறிடத்துக்கு மாற்ற அரைமணி நேரம் ஆகும். தகவலுக்காக எழுதுகிறேன்.

அன்புடன்,
ஹேம்


கோதன்பர்க்,
11 மார்ச் 2025

அன்புள்ள ஹேம்,

பேபி அக்காவின் கஞ்சியில் யாராவது உப்பு போட்டார்களா? அதை நீ எழுதவில்லை. ஜீவானந்தத்துக்கு அறுவை சிகிச்சை தேதி கொடுத்துவிட்டார்களா?

குழுவின் கடிதம் வந்துவிட்டது. என் நேர்மையைப் பாராட்டி மூன்று பத்தி. அறிவியல் இப்படித்தான் வளர்கிறது என்று ஒரு பத்தி. கடைசிப் பத்தியில் எதிர்காலத்துக்கு வாழ்த்து. என் ஒப்பந்தம் மார்ச் 31-ஆம் தேதியோடு முடிகிறது. இரண்டு நாள் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் பிரணவின் படங்கள் வந்துவிட்டன, கோபத்துக்கு நேரமில்லை.

புதிய மாடலின் முதல் வடிவம் தயார். ஸ்பூன் இருந்த பகுதிகளை எல்லாம் வெட்டிவிட்டேன். நான்கு ஊர்ப் படங்களைக் கலந்து கற்றுக்கொடுத்தேன். ஐந்தாவது ஊர் ஒன்றை முற்றிலும் ஒதுக்கிவைத்து, அதில்தான் சோதித்தேன். துல்லியம் எழுபத்தெட்டு. ஏற்றினால், பட்டியலில் பத்தொன்பதாம் இடம் கிடைக்கும். அந்த எழுபத்தெட்டையும் உடைக்க முடிகிறதா என்று பார். உன்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. நான்கு முறை எண்ணு. இந்த முறை எண்ணி முடிக்கும்வரை ஏற்ற மாட்டேன். பேபி அக்காவின் பழைய படத்தைக் கொடுத்துப் பார்த்தேன். சந்தேகம் என்றது, 83 சதவீதம். சிவப்பு, கன்னத்தில் சரியான இடத்தில் இருந்தது. அதை மட்டும் நான்கு முறை பார்த்தேன்.

பல்லாவரத்தில் மறுபடி முகாம் போட வேண்டும். எல்லோருக்கும் ஒரே அறை, ஒரே கொக்கி. கொக்கி ஐநூறு வாங்கிவிடு. தீர்ந்தால் முகாமை நிறுத்திவிடலாம். யாரும் வீட்டுக்கு ஓட வேண்டாம்.

நம் அறிவிப்புக்குப் பிறகு தளத்தில் ஒரு புதிய விதி சேர்த்திருக்கிறார்கள். ஒரே முகவரியில் வசிக்கும் இருவர் ஒரே தரவுக்குப் பொறுப்பாளர்களாக இருக்க முடியாது. என் மேஜையிலிருந்து துணிகளை எடுத்துவிடு. ஏப்ரல் 5 முதல் என் இடத்தில் ஜான்சியின் பெயர் இருக்கும். அவரிடம் பேசிவிட்டேன், சம்மதித்துவிட்டார்.

சத்யா